டேஷ்போர்டின் தேய்ந்த மரப்பலகையை வீட்டிலேயே புதுப்பிக்கும் முறை

2014இல் தயாரிப்பு நின்றுவிட்ட அம்பாசடரை மதுரைப் பக்கம் இன்னும் பேணி வைத்திருப்பவர்கள் உண்டு. திருநகரில் எங்கள் வீட்டில் நிற்கும் காரின் டேஷ்போர்டில், முன்பு வைத்திருந்தவர் தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டிய பிளைவுட் பலகை ஒன்றைப் பொருத்தியிருந்தார். பல ஆண்டு வெயிலில் அதன் வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து, மீட்டருக்குக் கீழே வெனீர் கொப்புளித்திருந்தது. அதைச் சரிசெய்த முறையை, இதற்குமுன் உப்புத்தாள் பிடித்திராதவர்களும் செய்யும்படி எழுதுகிறேன்.

முதலில், உங்கள் காரில் இருப்பது உண்மையான மரமா, மரம்போல் அச்சிட்ட படலமா என்று பாருங்கள். பலகையின் விளிம்பில் பிளைவுட்டின் அடுக்குகள் தெரிந்தால் மரம்; ஒரே ரேகை வடிவம் சிறிது இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அச்சு. அச்சுப் படலத்தைத் தேய்த்துப் புதுப்பிக்க இயலாது. அதை உரித்துவிட்டு, மர வடிவ வினைல் ஒட்டுவதே வழி. இனி வருவதெல்லாம் மரத்துக்கு.

பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே பலகையில் கை வையுங்கள். ஒவ்வொரு வயரையும் கழற்றுமுன் போட்டோ எடுத்து, திருகுகளை இடம் குறித்த தனித்தனிக் கவர்களில் போட்டு வையுங்கள்.

அடுத்து, பழைய பூச்சு எதுவென்று மறைவான மூலையில் சோதியுங்கள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சில் பூச்சு பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். தின்னரில் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் பாலியூரித்தேன். முதல் இரண்டும் அந்தந்தத் திரவத்திலேயே துடைத்தால் வந்துவிடும். மூன்றாவதற்குக் கூழ்வகைப் பெயிண்ட் ரிமூவர் தேவை. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் அதைத் தடவி, பிளாஸ்டிக் தகட்டால் ரேகையின் போக்கிலேயே வழித்தெடுங்கள்.

இந்த வேலையில் மிகவும் கவனம் தேவைப்படும் இடம் உப்புத்தாள்தான். இன்றைய வெனீரின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான். நான் முதல்முறை மின்சார சாண்டரை (தேய்க்கும் கருவி) வைத்ததில், ஒரு மூலையில் சில நொடிகளிலேயே தேக்கு கரைந்து அடியிலுள்ள பிளைவுட் வெளுப்பாகத் தெரிந்தது. அந்த இழப்பை எந்தப் பூச்சாலும் ஈடுசெய்ய முடியவில்லை. ஆகவே கையால் மட்டும் தேயுங்கள். பலகை முழுவதும் பென்சிலால் மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டு, மரக்கட்டையில் சுற்றிய 240 எண் உப்புத்தாளால் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) ரேகையோடு தேய்த்து, கோடுகள் மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு 320 எண் தாளால் ஒருமுறை தேய்த்தால் போதும். விளிம்புகளில் கட்டையை அழுத்தவே கூடாது.

கொப்புளம் இருந்தால் ரேகையின் போக்கில் பிளேடால் கீறி, சிரிஞ்சால் ஃபெவிகால் செலுத்துங்கள். வழிந்ததை ஈரத்துணியால் துடைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, ஒரு நாள் முழுக்க பாரம் வையுங்கள். வெனீர் பெயர்ந்துபோன இடத்துக்குச் சதுரத் துண்டு வேண்டாம். ரேகையைக் குறுக்காக வெட்டும் ஒட்டு கண்ணில் உறுத்தும், படகு வடிவில் நறுக்கியது ரேகைக்குள் ஒளிந்துகொள்ளும். புதிய தேக்கு வெயில் பட்டபின்தான் தன் பொன்பழுப்பு நிறத்துக்கு வரும் என்பதால், துண்டை ஒட்டுமுன் சில நாள் மாடி வெயிலில் காய வையுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் பக்கத்தைத் தின்னரால் துடைக்க மறக்காதீர்கள்.

இப்போது பலகையை ஸ்பிரிட் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும் அந்த அரை நிமிடத்தில், பூச்சு ஏறியபின் மரம் எப்படித் தோன்றும் என்பது தெரியும். விட்டுப்போன பசைக் கறைகளும் வெளிறிய திட்டுகளாக அப்போதே காட்டிக்கொடுக்கும்.

மேல்பூச்சுக்குப் பல மர ஆசாரிகள் அரக்குப் பாலிஷைச் சொல்வார்கள். வீட்டு அலமாரிக்கு அதன் அழகே தனி. ஆனால், கோடையில் மூடிய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில் அரக்கு இளகும். ஆகவே புறஊதாக் கதிர்த் தடுப்பு உள்ள பாலியூரித்தேன் வார்னிஷே ஏற்றது. இரண்டு திரவங்களைக் கலந்து ஸ்பிரே செய்யும் வகை மூச்சுக்குக் கேடானது. அதற்குரிய முகக்கவசமும் பழக்கமும் உள்ள பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள். தூரிகையால் பூசும் ஒற்றை டப்பா வகையே தொடக்கக்காரர்களுக்குப் போதும். முதல் பூச்சைப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து ஊறவிட்டு, அதன்மேல் நான்கு மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்தபின் 400 எண் தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்தபின்தான் அடுத்தது. ஆடிக் காற்றில் இந்த வேலையைத் தொடாதீர்கள். மற்ற மாதங்களிலும் பூசும் அறையின் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது நல்லது.

கடைசிப் பூச்சு ஏறிய பிறகு ஒரு வாரம் பொறுங்கள். 1500, 2000 எண் தாள்களைச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்து, பழைய பனியன் துணியில் ரப்பிங் காம்பவுண்ட் தொட்டு மெருகேற்றினால், மீட்டர் வளையத்தின் நிழல் பலகையில் தெளிவாக விழும். திருகுகளைக் கையால் மட்டும் முறுக்கி மாட்டுங்கள். மிஞ்சி இறுக்கினால் புதிய பூச்சு திருகைச் சுற்றி வெடிக்கும்.