புது எடிஷன் போடலாமா, பழையதையே ஒட்டி ஓட்டலாமா?

சொந்தமாக ஒரு ரோல்பிளேயிங் கேம், அதாவது ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு, எழுதி நாலு பேரை வைத்து ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒருநாள் கை பரபரக்கும், எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு இரண்டாம் பதிப்பு எழுதலாமே என்று. உட்கார்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. காரைக்குடியில் நாங்கள் எழுதி ஆடும் விளையாட்டை வைத்தே சொல்கிறேன், அதற்குப் புதுப் பதிப்பு நிஜமாகவே தேவைப்பட்டது.

எங்கள் ஆட்டத்தில் எல்லோரும் 1920களில் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வட்டித்தொழில் செய்ய, போனவர்கள்: ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டு, ஒருவர் அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், ஒருவர் வேலை பழகும் பெட்டியடிப் பையன். ரங்கூன் மொகல் தெருவிலோ பினாங்கில் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியிலோ கதை தொடங்கும், மூன்று வருடக் கணக்கை முடித்து ஊருக்குக் கப்பல் ஏறும்போது முடியும். மாதப் பிறப்பில் இரண்டு பகடை உருட்டி நடப்பு வட்டியை, அந்த மாத வட்டி வீதத்தை, தீர்மானிப்போம்.

முதல் வேலை, விதிப்புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பது. எந்த விதியில் ஆட்டம் நின்றது, அந்த இடத்தில் மேஜையில் உண்மையில் என்ன செய்தீர்கள், இந்த இரண்டு மட்டும் போதும். 'பிடிக்கவில்லை', 'சலிப்பாக இருக்கிறது' என்றெல்லாம் எழுத வேண்டாம். ஒரு முழுக்கதை முடிகிற வரைக்கும் குறியுங்கள், நடுவில் எதையும் திருத்தாதீர்கள்.

அப்புறம் அந்தக் குறிப்புகளைப் பிரித்துப் பாருங்கள். சிலது வாக்கியம் புரியாத தகராறு. கப்பலில் காய்ச்சல் வந்தால் 'ஒவ்வொரு நாளும்' பகடை போட வேண்டும் என்று எழுதியிருந்தோம், அது பயண நாளா, துறைமுகத்தில் நிற்கிற நாளும் சேர்த்தா என்று ஒவ்வொரு தடவையும் சண்டை. ஒரு துண்டுச்சீட்டு எழுதி அந்தப் பக்கத்தில் ஒட்டினோம், தீர்ந்தது. சிலது எண் தப்பு. அதற்கும் சீட்டு போதும். இந்த இரண்டு வகை ஐம்பது இருந்தாலும் புதுப் பதிப்புக்குக் காரணம் ஆகாது, திருத்தங்களைச் சேர்த்து மறுஅச்சு போடுங்கள்.

மூன்றாவது வகைதான் விஷயம். விதி தெளிவாக இருக்கிறது, எல்லோரும் சரியாகவே பின்பற்றுகிறார்கள், ஆனாலும் ஆட்டம் நீங்கள் நினைத்த ஆட்டமாக இல்லை. எங்கள் விதிப்படி மூன்றாம் வருட முடிவில் கையிலிருக்கும் ரொக்கத்தை வைத்துத்தான் வெற்றி. அதனால் கெட்டிக்கார ஆட்டக்காரர் யாரும் கடன் கொடுக்கவே மாட்டார், ஐராவதி டெல்டாவில் நெல் விளைகிற ஊர்ப்பக்கம் கதை போகவே போகாது, எல்லோரும் பெட்டியைப் பூட்டிக்கொண்டு வட்டி ஏறுகிற மாதத்துக்குக் காத்திருப்பார்கள். ரொக்கம் சும்மா கிடந்தால் அபராதம் என்று ஒரு ஹவுஸ் ரூல், புத்தகத்தில் இல்லாத எங்கள் சொந்த விதி, சேர்த்தோம். உடனே எல்லோரும் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொண்டார்கள்! அதைத் தடுக்க இன்னொரு ரூல், அதற்கு மேல் இன்னொன்று. ஒரே ஓட்டையைச் சுற்றி ஒட்டு மேல் ஒட்டாக விழுந்துகொண்டே போனால் பிழை அடியில் இருக்கிறது என்று அர்த்தம். ரொக்கத்தை எண்ணுவதை விட்டு, வசூலாகிவிடும் என்று நம்பிக் கொடுத்த கடன்களையும் ஊரில் சம்பாதித்த பெயரையும் எண்ணுவது என்று மாற்றினோம். அது கேரக்டர் ஷீட் (ஒவ்வொருவர் பாத்திரத்தின் விவரம் எழுதும் தாள்), கதைகள், வட்டிப் பட்டியல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டது. இது சீட்டு ஒட்டித் தீராது.

ஒரு திருத்தம் எத்தனை பக்கங்களைத் தொடுகிறது என்பதுதான் நான் நம்புகிற அளவுகோல். இந்த வகையில் மிகவும் பெயர் பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாட்டின் வரலாறு இதற்கு நல்ல பாடம். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில், உங்கள் அடி எதிரி மேல் விழுமா என்று பார்க்க, தாக்கோ என்று ஒரு எண் உண்டு. கவச எண் குறையக் குறைய நல்ல கவசம். தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால் வருவதையாவது இருபது பக்கப் பகடையில் போட வேண்டும். தாக்கோ 16, கவசம் 3 என்றால் 13 வேண்டும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அதைத் திருப்பிப் போட்டது, கவச எண் கூடக் கூட நல்ல கவசம்: கவசம் 17, பகடையோடு நீங்கள் கூட்டும் எண் 4, பகடையில் வேண்டியது அதே 13. கணக்கு மாறவில்லை, ஆனால் புதிதாக வருகிறவருக்குக் கழித்தலும் தலைகீழ்க் கவசமும் இல்லாமல் போயிற்று. அதற்காக ஒவ்வொரு அரக்கனின் எண்ணையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது, அதனால் புதுப் பதிப்பு நியாயம்.

அடுத்தது, பழைய கதைகள் பிழைக்குமா என்று பாருங்கள். கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ரோல்பிளேயிங் கேம் 1981இல் வந்தது. ஏழாம் பதிப்பில்தான் பெரிய மாற்றம், அதிலும் பழைய பண்பு எண்களை ஐந்தால் பெருக்கினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. 12 இருந்த வலிமை 60 ஆகும். பழைய கதைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனக்கணக்கிலேயே ஆட்டத்தை நடத்தலாம். டி அண்ட் டி நான்காம் பதிப்பு, 2008இல் வந்தது, அப்படி இல்லை. பழைய ஆட்டத்தை அப்படியே கொண்டுவர வழியில்லை என்று நிறைய பேர் 2009இல் வந்த பாத்ஃபைண்டருக்குப் போய்விட்டார்கள், அது டி அண்ட் டி மூன்றாம் பதிப்பின் திருத்தமான 3.5இன் விதிகளை வைத்து வேறொரு நிறுவனம் கட்டிய விளையாட்டு. நான்காம் பதிப்பு மோசமான விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன், சண்டைக் காட்சிகளில் அது அருமை. ஆனால் ஒரு பக்கத்துக்குள் மாற்றுக் கணக்கை எழுத முடியவில்லை என்றால் நீங்கள் எழுதியிருப்பது வேறு விளையாட்டு, வேறு பெயர் வையுங்கள்.

சட்டப் பிரச்சினை தனிக்கதை. டி அண்ட் டி விதிகளை மற்றவர்களும் பயன்படுத்த வழிவிட்ட திறந்த உரிமத்தை 2023 ஜனவரியில் அதன் வெளியீட்டாளர்கள் மாற்றப் போகிறார்கள் என்று பெரிய கலவரம் வந்தபோது, பாத்ஃபைண்டர்காரர்கள் அந்த உரிமத்தைச் சார்ந்திருந்த பகுதிகளை எடுத்துவிட்டு அந்த வருடமே திருத்திய புத்தகங்களை வெளியிடத் தொடங்கினார்கள். மூன்றாம் பதிப்பு என்று பெயர் போடவில்லை, இரண்டாம் பதிப்பாகவே வைத்துக்கொண்டார்கள். அதுதான் நேர்மை. புத்தகம் தீர்ந்துபோனது, புதுப் படம் வரைய ஆள் கிடைத்தார் என்பதெல்லாம் எண்ணைக் கூட்டுவதற்குக் காரணமே இல்லை.

எப்போது வெளியிடுவது? எங்கள் பக்கத்தில் இது பெரிய கேள்வி. ஆடுகிறவர்களில் பாதிப்பேர் சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கிறார்கள், பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வரும்போதுதான் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) பாய் விரித்து உட்கார முடியும். அவர்கள் பழைய ஷீட்டைப் பத்திரமாகப் பையில் வைத்து எடுத்து வருவார்கள். அன்றைக்குப் போய்ப் புதுப் புத்தகத்தை நீட்டினால் அந்த வருட ஆட்டம் விதி படிப்பதிலேயே போய்விடும். "அண்ணே, என் ஆளைத் தூக்கிப் போடணுமா?" என்று ஒரு தம்பி கேட்டான், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். நடக்கிற கதையைப் பழைய விதியிலேயே முடித்துவிட்டு, மாற்றுக் கணக்குப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அடுத்த மூன்று வருடக் கணக்கைப் புது விதியில் தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. இந்த விளையாட்டையே பார்த்திராத ஆட்களிடம் புத்தகத்தை மட்டும் கொடுங்கள். தேவகோட்டையில் ஒரு வீட்டில் நாங்கள் செய்தது அதுதான், எழுதியவர் ஓரமாக உட்கார்ந்து வாயைத் திறக்கவே கூடாது. கஷ்டம்தான். ஆனால் நீங்கள் எங்கே வாயைத் திறக்கத் துடிக்கிறீர்களோ அந்தப் பக்கம் இன்னும் எழுதி முடியவில்லை.

விலைக்கு வாங்கிய விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு வேலை குறைவு. 2014 டி அண்ட் டி புத்தகம் வைத்திருக்கிறீர்கள், 2024இல் வந்தது வேண்டுமா? அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒரு கதை ஆடிப் பாருங்கள், உங்கள் பென்சில் குறிப்பில் இருக்கும் தொல்லைகள் அதில் தீர்ந்திருந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டும் ஒரே மேஜையில் இருந்தால் எந்தப் புத்தகத்தின் பேச்சு எடுபடும் என்று ஆட்டம் நடத்துபவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீங்களே எழுதியதாக இருந்தால் பழைய பதிப்பின் பிடிஎஃபை அழிக்காமல் அதே இடத்தில் விட்டுவையுங்கள், இன்னும் அதில் ஆடுகிறவர்கள் இருப்பார்கள்.