பொய்ச்சுவரில் ரீவி மாட்டப் போகிறீர்களா? போர்டை மூடுமுன் பிளைவூட்

ஜிப்சம் போர்டில் பொய்ச்சுவர் எழுப்பி ரீவி மாட்டுவதென்றால், போர்டை மூடுமுன் பிராக்கெட் வரும் இடத்தில் 18 மில்லிமீற்றர் பிளைவூட் துண்டொன்றைச் சட்டங்களுக்கு நடுவே வைத்து இறுக்கச் சொல்லுங்கள். அதன் முகம் சட்டத்தோடு சமனாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் போர்டு பிதுங்கும்.

ஜிப்சம் வெறும் மாவுதான். ஸ்குரூவை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினாலே ஓட்டை பெருத்துவிடும். பிளைவூட் ஸ்குரூவைக் கவ்விப் பிடிப்பதோடு பாரத்தைச் சட்டத்துக்குக் கடத்திவிடும். துண்டைக் கொஞ்சம் அகலமாக வைத்தால், நாளைக்குப் பெரிய ரீவி வாங்கினாலும் சுவரை உடைக்கத் தேவையில்லை. புதிதாக வாங்கவும் வேண்டாம், அலுமாரி வேலையில் மிஞ்சிய துண்டே காணும். ஆனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரிக் கடற்கரைப் பக்கம் என்றால் மரைன் பிளைவூட்டே போடுங்கள், சாதாரணப் பலகை ஈரத்தில் ஊதிவிடும்.

அப்புறம், வயருக்கு 2 அங்குலக் குழாய் விடுங்கள். மெல்லிய குழாயில் எச்டிஎம்ஐ வயரின் தலை நுழையாது.

முன்னே இழுத்துத் திருப்பும் கை பிராக்கெட்டுக்கு இந்தப் பிளைவூட் முறை சரிவராது. அதைப் பின்னாலுள்ள கல்சுவரிலேயே பூட்ட வேண்டும். நுவரெலியா வீடுகளில் போல நெருப்பு மூட்டும் கணப்புக்கு மேலே என்றாலும் வேண்டாம்: புகைபோக்கியை ஒட்டிப் பலகை வைப்பது ஆபத்து.