1765-ஆம் ஆண்டின் வில்லியம்ஸ்பர்க் காபி, நம் அடுப்பில்

அமெரிக்காவில், அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் ரிச்சர்ட் சார்ல்டன் என்பவர் 1760-களில் சட்டமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காபி ஹவுஸ் நடத்தினார். இடிந்துபோன அந்த வீட்டைப் பழைய அஸ்திவாரத்தின் மேலேயே திரும்பக் கட்டி 2009-இல் திறந்தார்கள். போகிறவர்களுக்கு அந்தக் கால உடையில் இருப்பவர்கள் காபி, டீ, சாக்லேட் என ஏதாவது ஒன்றை ருசிபார்க்கத் தருகிறார்கள். அந்த மாதிரிக் காபியை வீட்டிலும் போடலாம்.

வேண்டியவை: பச்சைக் காபிக்கொட்டை 35 கிராம், தண்ணீர் அரை லிட்டர், சர்க்கரை, நன்றாகக் கழுவிய ஒரு முட்டை ஓடு.

1. ஜன்னலைத் திறந்துவிட்டு, இரும்பு வாணலியில் மிதமான தீயில் கொட்டையை வறுங்கள். கிளறுவதை மட்டும் நிறுத்தக் கூடாது. பச்சை மஞ்சளாகி, பழுப்பாகி, படபடவென்று வெடிக்கும். சத்தம் அடங்கியதும் இன்னும் ஒரு நிமிடம், அவ்வளவுதான். முறத்தில் கொட்டிப் புடைத்தால் தொலி பறந்துவிடும்.

2. ஆறியதும் உரலில் ரவை பதத்துக்கு இடியுங்கள். மிக்ஸியில் அடித்தாலும் குற்றமில்லை.

3. கொதிக்கும் தண்ணீரில் தூளைப் போடுங்கள். நுரை பொங்கி வரும், தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். அப்புறம் நொறுக்கிய ஓட்டைப் போட்டு, ஒரு கை பச்சைத் தண்ணீர் தெளித்து இறக்கிவையுங்கள். மண்டி அடியில் படிந்துவிடும். அக்காலத்தில் இதற்கு மீனின் காற்றுப்பையை உலர்த்திச் செய்த பசையையும் போட்டார்கள். நமக்கு ஓடே போதும். டிகாஷன் கெட்டியை எதிர்பார்க்காதீர்கள், இது நீர்த்துத்தான் இருக்கும்.

4. சர்க்கரை உங்கள் விருப்பம். அன்றைய சர்க்கரை கரீபியன் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. மேஜையில் அந்தப் பேச்சும் வரட்டும்.

5. பேச்சில்லாவிட்டால் அது வெறும் பானம்தான். ஒருவர் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் குறுக்கே பேச வேண்டும். தலைப்பு கிடைக்கவில்லையா? 1765 அக்டோபர் 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு எல்லாவற்றுக்கும் பிரிட்டன் முத்திரை வரி போட்டிருந்தது. அதை வசூலிக்க வந்த ஜார்ஜ் மெர்சரைக் கூட்டம் துரத்திவந்தது. சார்ல்டனின் திண்ணையில் இருந்த ஆளுநர் பிரான்சிஸ் ஃபாக்கியர், மெர்சரைக் கூடவே நடத்தி அழைத்துப் போனார். மறுநாள் மெர்சர் வேலையை விட்டார்.

ஒருவர் மெர்சர், ஒருவர் ஆளுநர், மீதிப் பேர் கோபக்கார வியாபாரிகள். மெர்சர் ராஜினாமா செய்யும்வரை அவருக்கு இரண்டாவது கோப்பை கிடையாது.