களத்தில் கால் வைக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

"ஆற்றங்கரை அரிப்பு: ஓர் ஆய்வு." "செயற்கைக்கோள் படங்கள் வழியே கடற்கரை மாற்றங்கள்." இயற்கைப் புவியியலில் முதன்முதலாக ஆய்வுத் திட்டம் எழுதுகிறவர்களின் தலைப்புகள் பெரும்பாலும் இந்தச் சாயலில்தான் இருக்கும். இடம் இருக்கிறது, பொருள் இருக்கிறது, கேள்விதான் இல்லை. அரிப்பைப் பற்றி என்ன தெரிய வேண்டும்? எந்த வெள்ளத்தில் கரை அதிகம் இடிகிறது என்றா, கரையில் மரம் நின்றால் இடிவது குறைகிறதா என்றா? இரண்டுக்கும் அளக்க வேண்டியவை வேறு, போக வேண்டிய இடங்களும் வேறு.

தலைப்பைக் கேள்வியாக்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, அவ்வளவுதான். மீதிப் பாதி இது: என்ன கிடைத்தால் என் எண்ணம் தப்பு என்று ஒப்புக்கொள்வேன்? மரம் உள்ள கரை குறைவாக அரிக்கும் என்பது கருதுகோள் என்றால், மரம் உள்ள கரையும் இல்லாத கரையும் ஒரே அளவு பின்வாங்கியிருக்கும்போது அது தோற்கிறது. தோற்கவே வழியில்லாத திட்டத்தை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் வெயிலில் நின்றாலும் புதிதாக எதுவும் தெரியவராது. நான் பார்த்தவரை, திட்டத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு ஊற்றிலிருந்து வருபவைதான். நிலம் 'இல்லை' என்று சொல்ல நாம் வாய்ப்பே கொடுப்பதில்லை.

ஒரே விளக்கத்தோடு இறங்குவது

ஸ்காட்லாந்தில் கிளென் ராய் என்றொரு பள்ளத்தாக்கு. அதன் மலைச்சரிவுகளில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல மூன்று படிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, கிடைமட்டமாக ஓடுகின்றன. 1838-இல் அங்கே போன சார்லஸ் டார்வின், மறு ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவை பழைய கடற்கரைகள் என்றார். தென் அமெரிக்காவில் நிலம் கடலிலிருந்து உயர்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் அவர். ஏரிக்கரை என்று கொள்ளலாமென்றால், அந்த ஏரியைத் தேக்கிய அணை எங்கே? அப்படி எதையும் காணோம். ஆகவே கடல்தான். அங்கே கடற்சிப்பி கிடைக்காததற்கும் அவரிடம் ஒரு சமாதானம் இருந்தது.

1840-இல் பனியாறுகளை ஆராய்ந்துவந்த சுவிஸ் அறிஞர் லூயி அகாசி வந்து பார்த்தார். அணை இருந்தது, அது பனியாறு, உருகிப் போய்விட்டது என்றார். இன்று ஏற்கப்படுவது அந்த விளக்கமே. டார்வின் பிற்காலத்தில் தன் வரலாற்றில் அந்தக் கட்டுரையைப் பெருந்தோல்வி என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். மற்றதையெல்லாம் கழித்துவிட்டு, மிஞ்சியதே உண்மை என்று முடிவு கட்டக் கூடாது என்பதுதான் அவர் அதில் கற்ற பாடம். டார்வினுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எச்சரிக்கை கூடுதலாகவே வேண்டும்.

அமெரிக்கப் புவியமைப்பியலாளர் டி. சி. சேம்பர்லின் 1890-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்: ஒரு கருதுகோளை மட்டும் வளர்த்தால் பெற்ற பிள்ளைமேல் வைக்கும் பாசம் வந்துவிடும், ஆகவே பலவற்றைச் சேர்த்து வளர்த்துக்கொள். நடைமுறையில் இது ஒரு தாளில் முடிகிற வேலை. ஆற்றின் ஓரத்தில் உயரமான படித்திட்டு ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். நிலம் உயர்ந்திருக்கலாம், கடல்மட்டம் தாழ்ந்திருக்கலாம், பருவநிலை மாறி வண்டல் வரத்து குறைந்திருக்கலாம். ஒவ்வொரு விளக்கமும் உண்மையானால் எங்கே என்ன தென்பட வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். நீங்கள் அளக்கப்போவது படித்திட்டின் உயரம் மட்டுமே என்றால், மூன்று வரிசையிலும் ஒரே பதில்தான் வரும். அப்போது மூன்றையும் பிரித்துக் காட்டும் வேறு எதையாவது அளக்க வேண்டும்: திட்டின் வயது, ஆற்றின் நீளவாக்கில் அதன் சாய்வு, அதிலுள்ள வண்டலின் தன்மை.

இதே தவறு இன்னொரு வேடத்திலும் வரும். ஹார்ட்டன், ஸ்ட்ராலர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வகுத்த முறையில் ஓடைகளுக்குச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசை எண் கொடுத்து, ஒரு வரிசை ஓடைகள் அடுத்த வரிசையைவிட எத்தனை மடங்கு என்னும் கிளைப்பு விகிதம் கணக்கிட்டு, அந்த மடங்கு ஏறக்குறைய மாறாமல் வருவதைக் கண்டு, "இந்த வடிநிலம் ஹார்ட்டன் விதிக்கு உட்படுகிறது" என்று முடிக்கும் ஆய்வுகள் ஏராளம். ஜேம்ஸ் கிர்ச்னர் 1993-இல் காட்டியது என்னவென்றால், சாத்தியமான ஓடைப் பின்னல்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த விதிகளுக்கு உட்பட்டுத்தான் இருக்கும். எங்கே போனாலும் வந்தே தீரும் முடிவு அந்த வடிநிலத்தைப் பற்றி எதைச் சொல்லும்?

கேட்டது ஒன்று, அளந்தது வேறொன்று

இலவசமாகக் கிடைக்கும் தரவு செய்யும் மாயம் இது. லேண்ட்சாட் என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள் எடுத்த கடற்கரைப் படங்கள் இரண்டை எடுத்து, நீரும் மணலும் சந்திக்கும் கோட்டை வரைந்து, இடைவெளியை அரிப்பு என்று எழுதிவிடுகிறோம். லேண்ட்சாட் ஓர் இடத்தைக் கடப்பது உள்ளூர் நேரப்படி ஏறக்குறைய காலை பத்து மணிக்கு. ஆனால் அந்த நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருக்குமா வற்றத்தில் இருக்குமா என்பது நாளுக்கு நாள் மாறும். 50-க்கு 1 சாய்வுள்ள மணற்கரையில் நீர்மட்டம் 1 மீட்டர் கூடினால் கோடு 50 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஒரு பிடி மணல்கூட நகராமலே 50 மீட்டர் 'அரிப்பு'.

நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதை ஆராயும் நகர வெப்பத் தீவு ஆய்வுகளிலும் இதே கதைதான். செயற்கைக்கோள் தருவது தரைப்பரப்பின் வெப்பநிலை. நாம் பேசுவதோ மனிதர் உணரும் காற்றின் வெப்பநிலையைப் பற்றி. காற்றில் நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாடு பொதுவாக இரவில்தான் பெரிதாகத் தெரியும், படமோ காலையில் எடுத்தது. போதாததற்கு, லேண்ட்சாட் 8-இன் வெப்பப் பட்டை அளப்பது 100 மீட்டர் கட்டங்களில். நம் கைக்கு வரும்போதுதான் அது 30 மீட்டராக வெட்டப்பட்டிருக்கும். அந்த 30 மீட்டரை நம்பித் தெருவுக்குத் தெரு முடிவு சொல்வது அபத்தம்.

பிழைக்கணக்கை ஆய்வின் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. அது திட்டத்தின் முதல் பக்கத்திலேயே வர வேண்டியது. ஆற்றுமணல் திட்டு ஒன்றை இரண்டு ஆண்டுகளில் அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் உயரத்தை அளப்பதில் வழக்கமாக வரும் பிழை (திட்டப்பிழை, standard error) 10 செ.மீ. என்றால், வித்தியாசத்தின் பிழை இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது, சுமார் 14 செ.மீ. 95 சதவீத உறுதியோடு பேச வேண்டுமானால் அதை 1.96-ஆல் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 28 செ.மீ. ஆண்டுக்கு 5 செ.மீ. தாழும் திட்டை இந்தக் கருவியோடு இரண்டு ஆண்டில் பிடிக்க முடியாது. ஆறு ஆண்டு காத்திருக்கலாம், அல்லது நுட்பமான கருவி தேடலாம். கிளம்பும் முன்பே ஐந்து நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு.

நூறு மாதிரி, உண்மையில் இரண்டு

காட்டுத்தீ பட்ட ஒரு சரிவு, படாத ஒரு சரிவு. ஒவ்வொன்றிலும் 50 இடங்களில் மண்ணுக்குள் நீர் இறங்கும் வேகத்தை அளந்தால் மொத்தம் 100 அளவீடு. புள்ளியியல் சோதனை அபாரமாகத் தேறும். ஆனால் அந்த இரண்டு சரிவுகளும் தீயால் மட்டும்தான் வேறுபட்டனவா? பாறை, வெயில் விழும் திசை, மண்ணின் ஆழம் எல்லாமே வேறாக இருக்கலாமே. தீயின் விளைவைச் சோதிக்கும்போது உங்களிடம் இருப்பது ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். 1984-இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் இதைப் போலிப் பிரதியாக்கம் (pseudoreplication) என்று பெயர் சொல்லிக் கண்டித்தார். அதே 100 அளவீட்டைத் தீ பட்ட ஐந்து சரிவுகளிலும் படாத ஐந்து சரிவுகளிலும் பத்துப் பத்தாகப் பிரித்துப் போட்டால் அளக்கும் உழைப்பு கூடாது, நடைதான் கூடும்.

பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றுபோல இருக்கும் என்பதை புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1970-இலேயே புவியியலின் முதல் விதியாகச் சொல்லிவிட்டார். அடுத்தடுத்த பிக்சல்களை ஆயிரக்கணக்கில் எடுத்துத் தனித்தனி மாதிரிகளாக எண்ணுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

சாலையோரத்தில் மட்டும் மாதிரி எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கால் எளிதாகப் போகும் இடம் சரிவு குறைந்த இடம். சரிவு குறைந்த இடத்து மண் பெரும்பாலும் ஆழமான மண். அதை வைத்து நிலம் முழுவதற்கும் பேச முடியாது.

காலம் என்னும் பொறி

ஆறு சுமந்துவரும் வண்டலைத் திங்கட்கிழமைதோறும் காலையில் ஒரு குப்பி மொண்டு அளப்பது ஒழுங்கான திட்டம்போலத் தெரியும். ஆனால் பல ஆறுகள் ஆண்டு வண்டலின் பெரும்பகுதியைச் சில வெள்ள நாட்களில் இறக்கிவிடும். வெள்ளம் வியாழன் இரவு வந்து சனிக்கிழமை வடிந்தால் உங்கள் குறிப்பேட்டில் அந்த வெள்ளமே நடக்கவில்லை. நாட்காட்டியைப் பார்த்து மொள்ளாமல் நீர்மட்டத்தைப் பார்த்து மொள்ளும்படி திட்டமிட வேண்டும்.

இதைவிடத் தந்திரமான பொறி ஒன்று உண்டு. கடந்த ஐம்பது ஆண்டில் வண்டல் படிந்த வேகத்தைக் கடந்த பத்தாயிரம் ஆண்டின் சராசரியோடு ஒப்பிட்டு, "இப்போது வேகம் பன்மடங்கு" என்று சொல்வது. பீட்டர் சாட்லர் 1981-இல் காட்டியபடி, அளக்கும் கால இடைவெளி நீள நீளப் படிவு வேகம் குறைந்தே தெரியும். படிவு நின்ற காலங்களும் அரித்துப்போன காலங்களும் நீண்ட கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. மனிதர் செயலால் வேகம் கூடியிருக்கவும் செய்யலாம், ஆனால் இந்த ஒப்பீடு அதை நிறுவாது. ஏறக்குறைய ஒரே நீளமுள்ள காலத்துண்டுகளை ஒப்பிட்டால்தான் பேச முடியும்.

எது காரணம், எது விளைவு என்பதே காலத்தோடு மாறும் என்று நில வடிவங்களை ஆராய்ந்த ஷும், லிக்டி இருவரும் 1965-இல் எழுதினார்கள். ஒரு நாள் வெள்ளத்தில் படுகையின் சாய்வு நீரின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நீரும் வண்டலும் அந்தச் சாய்வையே செதுக்கிவிடுகின்றன. ஆகவே எந்தக் காலநீளத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பது திட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

வெள்ளோட்டம்

ஒரு நாள் போய்ச் செய்து பார்க்காமல் அட்டவணை போடாதீர்கள். ஆற்றுக் கூழாங்கல்லின் அளவை அறிய எம். கோர்டன் வோல்மன் 1954-இல் தந்த முறை எளிமையானது: நடந்துகொண்டே, பார்க்காமல், கால் நுனியில் விரல் படும் முதல் கல்லை எடு, நூறு கல் அள. அதையே இரண்டு பேர் ஒரே திட்டில் செய்து பாருங்கள். எவ்வளவு கண்ணை மூடினாலும் விரல் பொடிக்கல்லைத் தவிர்க்கப் பார்க்கும். இருவர் எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் உங்கள் முறையின் பிழையில் ஒரு பங்கு, அதைக் குறித்து வையுங்கள். கூடவே ஒரு புள்ளிக்கு எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்றும். 40 நிமிடம் என்றால் 60 புள்ளிக்கு 40 மணி நேரம், நாளுக்கு 8 மணி நேரம் உழைத்தால் ஐந்து முழு நாள். புள்ளிக்குப் புள்ளி நடக்கும் நேரமும், மழைக்கு ஒதுங்கும் நேரமும், பேட்டரி தீர்ந்து திரும்பி வரும் நேரமும் இதில் சேரவில்லை.