பிரேக் டிஸ்க் மாற்றுபவர்களே, ஹப்பைக் கவனியுங்கள்

காரின் முன்பக்க பிரேக் டிஸ்க் இரண்டையும் வீட்டிலேயே மாற்ற அரைநாள் ஒதுக்கினால் போதும். கழற்றுவதும் மாட்டுவதும் பெரிய வித்தை இல்லை. நான் முதல் தடவை கோட்டை விட்டது வேறு இடத்தில், அது வரும்போது சொல்கிறேன்.

முதலில் மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுவில் தொப்பி போல இருக்கும் பகுதியிலோ குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். வெர்னியரை அப்படியே வைத்து அளந்தால் விளிம்பில் தேயாமல் நிற்கும் வரப்பு குறுக்கே வந்து கனத்தைக் கூட்டிக் காட்டும், அதனால் பேட் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் கட்டை) உரசும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாணயத்தை வைத்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்துவிடுங்கள். மாற்றுவதென்றால் இடது, வலது இரண்டையும் சேர்த்துத்தான், பேடுகளும் புதுசு. (பின்பக்கம் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் இருக்கிற காரென்றால் அது தனிக் கதை, சர்வீஸ் மோடில் போடாமல் கை வைக்காதீர்கள்.)

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்ட் கொடுத்தே ஆக வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக்கூடாது.

சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரின் (பேடுகளை டிஸ்க் மேல் அழுத்தும் பகுதி) இரண்டு போல்ட்டையும் எடுத்தால் காலிப்பர் கையோடு வந்துவிடும். அதை ஹோஸில் தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பழைய பேடை வைத்து சி கிளாம்பால் பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு கண் இருக்கட்டும், வழிந்தால் பெயின்ட் போய்விடும். அடுத்து, காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகள். இவை மகா இறுக்கமாக இருக்கும், அதுவும் பின்புறமாகப் பார்த்தபடி இருப்பதால், முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்குத் திருப்பும் திசை குழம்பும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தவன் நான்.

டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை சீக்கிரம் மழுங்கும், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பேக்ட் டிரைவர் இருந்தால் தப்பித்தீர்கள். துருவேறி ஒட்டிக்கொண்ட டிஸ்க்காக இருந்தால், பலவற்றில் மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை விட்டு மாற்றி மாற்றி இறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே தள்ளும்.

இப்போதுதான் வேலையே. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு படிந்திருக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரி தாளாலும் உலோகம் தெரியும்வரை தேயுங்கள், முக்கியமாக ஒவ்வொரு ஸ்டட்டின் (வீல் நட்டு மாட்டும் மரைக்கம்பி) அடியிலும். முதல் தடவை இருட்டப் போகிறதென்று மேலோட்டமாகத் துடைத்துவிட்டு மாட்டினேன். ஓட்டிப் பார்த்தபோது வெண்ணெய் மாதிரி இருந்தது. இரண்டு மாதம் கழித்து வேகத்தில் பிரேக் அடித்தால் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. திரும்பக் கழற்றினால் ஒரு ஸ்டட்டின் அருகில் நகக்கண் அளவு துரு, அழுந்திப் பளபளவென்று இருந்தது. அது டிஸ்க்கை முடியளவு சாய்த்திருக்கிறது, விளிம்பில் அந்தச் சாய்வு இன்னும் கூடும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி அங்கே மட்டும் தேய்ந்து மெலிந்துவிட்டது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, சுற்றிப் பாருங்கள். ஆட்டம் 0.1 மி.மீ.யைத் தொட்டாலே மறுபடி கழற்றித் துடைப்பேன்.

புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருக்கும், பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த பிறகு எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்னுக்கு அதற்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் மட்டும், சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். போல்ட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். வீல் நட்டுகளை எதிரெதிராக, ஒரே சீராக.

காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். இல்லாவிட்டால் முதல் மிதி தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. பிறகு ஆளில்லாத சாலையில் வேகத்தை மணிக்கு 60 கி.மீ.யிலிருந்து 20க்கு மிதமாகக் குறைப்பதை எட்டுப் பத்து முறை செய்து, சூடாக இருக்கும்போது பிரேக்கை அழுத்தியபடி நிற்காமல் ஆறும்வரை ஓட்டுங்கள். கொஞ்சம் தீய்ந்த வாடை வரும், பயப்பட வேண்டாம்.