வெட்டி ஒட்டும் முன்: போட்டோமாண்டாஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டோமாண்டாஜ் என்றால் புகைப்படத் துண்டுகளை வெட்டி ஒட்டி ஒரே படமாக்குவது. போன மாதம் ஒரு தம்பி தான் அப்படிச் செய்த போஸ்டரைக் கொண்டுவந்து காட்டினார். பீரங்கி, பல்சக்கரம், கடிகாரம், விஷவாயு முகமூடி, நடுவில் ஒரு பெரிய கண். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு படங்கள். "1920 பெர்லின் பாணி அண்ணா" என்றார். நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன். பசை வழிவது, பிளேடு மழுங்குவது எல்லாம் கை பழகினால் சரியாகிவிடும். இப்படிப் படங்களைக் குவிப்பது தானாகச் சரியாகாது.

படங்களைக் குவிப்பது

ஒரு நாடகக் குழுவுக்காகப் பதினோரு துண்டுகளை ஒட்டி ஒரு போஸ்டர் செய்தேன். 500 பிரதி அடித்தோம், காசு என்னுடையது. சுவரில் ஒட்டிய மறுநாள் எதிரே இருந்த டீக்கடையில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒருவர்கூட நிற்கவில்லை. என்ன சொல்ல வருகிறோம் என்று முடிவு செய்யாமலே கத்தியை எடுத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஜெர்மன் கலைஞர் ஜான் ஹார்ட்ஃபீல்டு 1932 அக்டோபரில் ஏ.ஐ.இசட் என்ற ஜெர்மன் தொழிலாளர் பத்திரிகைக்குச் செய்த அட்டையைப் பாருங்கள். 'மில்லியன்கள் எனக்குப் பின்னால் நிற்கின்றன' என்பது அதில் உள்ள வாசகம். நாம் 'கோடி' என்றால் ஆளையும் எண்ணலாம், பணத்தையும் எண்ணலாம். ஜெர்மனில் மில்லியனும் அப்படித்தான். ஹிட்லர் வணக்கம் வைக்கும்போது முழங்கையை மடக்கி உள்ளங்கையைப் பின்னால் சாய்ப்பார். அவருக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒரு பெரிய உருவம் நின்று, அந்த உள்ளங்கையில் நோட்டுக் கட்டை வைக்கிறது. அவ்வளவுதான் படம். பணக்காரரின் முகம் படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. அதனால் அது ஒரு தனி ஆளாக இல்லாமல் ஒரு வர்க்கமாகத் தெரிகிறது. நாலாவதாக ஒரு படம் சேர்த்திருந்தால் அந்தக் கையைப் பார்க்க மாட்டோம்.

"அப்போ ஹன்னா ஹோஹ்?" என்று அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஹோஹும் அதே காலத்து பெர்லின் போட்டோமாண்டாஜ் கலைஞர். சமையலறைக் கத்தியைத் தலைப்பில் வைத்து 1919இல் அவர் செய்த படத்தில் கூட்டம் நெரிகிறது. ஆனால் அது ஏறக்குறைய 114 செ.மீ. உயரமும் 90 செ.மீ. அகலமும் உள்ளது. 1920இல் டாடா என்ற, கலை மரபுகளைக் கேலி செய்த கலைஞர் இயக்கத்தின் பெர்லின் கண்காட்சியில் தொங்கியது, பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டியது. அந்தக் கூட்டத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மேலே வலப்பக்கம் ஜெர்மன் பேரரசர் கெய்சரும் பழைய ஆட்சியின் ஆட்களும். கீழே வலப்பக்கம் டாடாக்காரர்கள். கீழ் வலது மூலையில், பெண்களுக்கு வாக்குரிமை உள்ள ஐரோப்பிய நாடுகளைக் காட்டும் சிறு வரைபடம், அதன் ஓரத்தில் ஹோஹின் சின்ன முகம். ஜெர்மன் பெண்கள் தேசியத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்தது அதே 1919 ஜனவரியில்தான். போகிற போக்கில் பார்க்கும் போஸ்டருக்கு இந்த நெரிசல் ஆகாது.

ஆகவே, முதலில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அதற்கு வேண்டாத துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் மேஜையை விட்டு எடுத்துவிடுங்கள்.

கிடைத்த படத்தோடு திருப்திப்படுவது

ஹார்ட்ஃபீல்டு தேவையான கையை, தேவையான கோணத்தில், புகைப்படக்காரரை வைத்து எடுப்பித்தார். உங்களிடம் போனே இருக்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்து எடுங்கள்.

சிவப்பு ஆப்பு

ரஷ்யக் கலைஞர் எல் லிசிட்ஸ்கி, வெள்ளை வட்டத்தைச் சிவப்பு ஆப்பு குத்துவதுபோல் செய்த போஸ்டரில் புகைப்படமே இல்லை. போட்டோமாண்டாஜுக்கு அதை உதாரணமாகக் காட்டாதீர்கள்.

பெர்லினையும் மாஸ்கோவையும் ஒன்றாகப் பார்ப்பது

வெட்டும் முறை ஒன்றுதான், நின்ற இடம் வேறு. ஹார்ட்ஃபீல்டு ஆட்சிக்கு வந்தவர்களை எதிர்த்தார், 1933இல் பிராகுக்குத் தப்பினார். குஸ்தாவ் க்ளுட்ஸிஸ் சோவியத் அரசுக்காகவே வேலை செய்தவர். 1930இல் ஐந்தாண்டுத் திட்டத்துக்காக, பல கைகள் சேர்ந்து ஒரே பெரிய கையாக உயரும் போஸ்டரைச் செய்தார். அதற்குத் தன் கையையே படம் எடுத்துப் பயன்படுத்தினார். 1938இல் அதே அரசு அவரைச் சுட்டுக் கொன்றது.