லிங்க்ட்இனில் தொடர்புகளைச் சேர்க்க: வாரத்துக்கு இருபது போதும்

முன்பின் தெரியாதவர்களுக்கு ஒரே மூச்சில் கனெக்ட் (தொடர்பு அழைப்பு) கொடுத்துக்கொண்டே போனால், அழைப்பு அனுப்பும் வசதியை லிங்க்ட்இன் ஒரு வாரம் வரை நிறுத்திவைக்கும். பதில் வராமல் தேங்கும் அழைப்புகள்தான் இதற்கு முக்கியக் காரணம். நாளுக்கு 3 அல்லது 4, வாரத்துக்கு 20 என்று போங்கள். தானாக அழைப்பு அனுப்பும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் வேண்டவே வேண்டாம். அவை விதிமீறல், கணக்கே போய்விடலாம்.

முதலில் ப்ரொஃபைலைச் சரிசெய்யுங்கள். ஹெட்லைனில் (பெயருக்குக் கீழே வரும் வரி) "வேலை தேடுகிறேன்" என்று மட்டும் இருந்தால் யாருக்கும் எதுவும் புரியாது. "பம்ப் டிசைன், சாலிட்வொர்க்ஸ், 3 ஆண்டு, கோவை" என்றால் புரியும். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் பாதுகாப்பு) ஆன் செய்யுங்கள். போன் கான்டாக்ட்டுகளை ஏற்றச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கூடப் படித்தவர்கள், பழைய சக ஊழியர்கள், வேலையில் பழகிய சப்ளையர்கள். முதல் மாதம் இவர்கள் மட்டும். அப்புறம், இவர்களுக்குத் தெரிந்த உங்கள் துறைக்காரர்கள். புதியவருக்கு அழைப்போடு நோட் (சிறு செய்தி) சேர்த்தே அனுப்புங்கள்:

"வணக்கம் சார். கொடிசியா கண்காட்சியில் உங்கள் ஸ்டாலில் சீல் கசிவு பற்றிக் கேட்டேன். நானும் பம்ப் டிசைனில் இருக்கிறேன். தொடர்பில் இருக்க விரும்புகிறேன்."

எங்கே சந்தித்தோம், என்ன பேசினோம் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன. வேலை கேட்கவில்லை; முதல் நோட்டிலேயே கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இலவசக் கணக்கில் நோட்டுக்கு 200 எழுத்துதான், அதுவும் மாதத்துக்குச் சில நோட்டுகளே. தமிழில் "கு" என்பதே இரண்டு எழுத்தாகக் கணக்காகும், ஆகவே சுருக்கமாக எழுதுங்கள்.

மூன்று வாரமாகியும் ஏற்காத அழைப்புகளை, மை நெட்வொர்க்கில் அனுப்பியவை பட்டியலைத் திறந்து வித்ட்ரா செய்யுங்கள். அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும்.

உங்களுக்கு வரும் அழைப்புகளில்தான் ஆபத்து அதிகம். வெளிநாட்டு வேலை என்று ஒரு ரெக்ரூட்டர் வந்தால், அவர் ப்ரொஃபைலின் "அபௌட் திஸ் ப்ரொஃபைல்" பகுதியில் கணக்கு எப்போது தொடங்கியது என்று பாருங்கள். போன மாதம் தொடங்கிய கணக்கு, உடனே டெலிகிராமுக்கு வரச் சொல்வது, பதிவுக் கட்டணம் கேட்பது: இதில் எது இருந்தாலும் பிளாக் செய்யுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மர் மோசடிக் கூடங்களில் சிக்கியிருக்கிறார்கள். ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் கை மாறுவதற்குள் சொன்னால்தான் வங்கியால் அதை நிறுத்திவைக்க முடியும்.